இன்குபேட்டர் 21 நாள் பார்த்துக்கும்... 22-வது நாள் யார் பார்ப்பாங்க?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்க்கும் நண்பனின் வாடகை ரூம். மேலே ஷீட் கூரை. கட்டிலுக்குக் கீழே தெர்மாகோல் பெட்டி, உள்ளே ஒரு குட்டி ஃபேன், வெளியே சிவப்பு எண்கள் மின்னும் மீட்டர். மொத்தம் 40 முட்டை. "கோழியே வேணாம் மச்சான், எல்லாத்தையும் மெஷினே பார்த்துக்கும்" என்றான். சொன்ன மாதிரியே 21-வது நாள் 26 குஞ்சு பொரிந்தது. ஸ்டேட்டஸ் வைத்தான், நாங்களும் ஹார்ட் விட்டோம். ஒரு மாசம் கழித்துப் போனால், மிச்சம் இருந்தது 9.

மெஷின் மேல் குற்றம் சொல்ல முடியாது. அது தன் வேலையைச் செய்துவிட்டது. அது விற்பது தாய்க்கோழியின் 21 நாள் வேலையை மட்டும்தான். அதற்குப் பிறகு தாய்க்கோழி பார்க்கும் ரெண்டு மாச வேலை எந்தப் பெட்டியிலும் வருவதில்லை. ரீல்ஸில் அந்தப் பகுதியை யாரும் காட்டுவதும் இல்லை.

இந்த ஆசை நம்ம ஊருக்கு மட்டுமானது இல்லை. பறவைக் காய்ச்சலால் 2025 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு டஜன் முட்டை 6 டாலரைத் தாண்டியபோது, அந்நாட்டு விவசாய அமைச்சரே வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்க்கலாம் என்று டி.வி-யில் பேசினார். ஆனா, திருவள்ளூர் மாவட்டத்தில் இதற்கு வேறொரு அர்த்தமும் இருக்கிறது. தேர்வாய்கண்டிகையில் மேய்ச்சல் நிலத்தில் சிப்காட் வந்தபோது ஊர் மக்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். மாடும் ஆடும் மேய இடம் சுருங்கிய ஊர்களில், சம்பளத்துக்கு மேல் நாலு காசு பார்க்க வீட்டில் வளர்க்க முடிவது கோழிதான்.

இன்குபேட்டரால் லாபமே இல்லையா? இருக்கு. நாட்டுக்கோழி ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைதான் அடைகாக்கும். அடை, குஞ்சு வளர்ப்பு என்று மாசக்கணக்கில் முட்டை இடாது. முட்டையை எடுத்து மெஷினில் வைத்துவிட்டால், அது சீக்கிரமே மறுபடி இட ஆரம்பிக்கும். வனராஜா, கிராமப்ரியா மாதிரி மேம்படுத்தப்பட்ட ரகங்களுக்கு அடைகாக்கும் குணமே குறைவு. அங்கே மெஷின் இல்லாமல் குஞ்சு கிடையாது.

அடிக்கடி நடக்கும் ஒரு ஏமாற்றத்தையும் சொல்லிடறேன். கடையில் வாங்கும் வெள்ளை முட்டையை வருஷம் முழுக்க வைத்தாலும் பொரியாது. நாமக்கல் முட்டைப் பண்ணைகளில் சேவலே கிடையாது, அதனால் அதில் கருவும் கிடையாது. சேவலோடு சேர்ந்து வளரும் கோழியின் முட்டை வேணும். இட்டு 7 நாளுக்குள் இருந்தால் நல்லது. ஃப்ரிட்ஜில் இருந்ததை எடுக்காதீங்க. 7-வது நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்க. சிலந்தி மாதிரி நரம்பு தெரிந்தால் கரு வளருது, ஒண்ணுமே தெரியலைன்னா எடுத்துடுங்க.

வெயில்தான் முதல் வில்லன்

ஃபேன் உள்ள இன்குபேட்டருக்கு 37.5 டிகிரி செல்சியஸ். ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூணு நாள் 65-க்கு மேல். 18-வது நாள் வரை தினமும் சில தடவை முட்டையைத் திருப்பணும். இதெல்லாம் மெஷின் கூட வரும் பேப்பரிலேயே இருக்கும். அதில் இல்லாதது ஒண்ணு: மலிவான இன்குபேட்டருக்குச் சூடாக்க மட்டும்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. தமிழ்நாட்டின் கோடை வெயில் பட்டியலில் அடிக்கடி மேலே நிற்கும் திருத்தணி இருப்பது இதே மாவட்டத்தில்தான். மே மாசம் ஷீட் கூரை ரூமுக்குள் 40 டிகிரி வந்துவிட்டால், தெர்மோஸ்டாட் பல்பை அணைத்துவிட்டுச் சும்மா இருக்கும், உள்ளே கரு வெந்துகொண்டிருக்கும். கொஞ்ச நேரக் குளிரைக் கரு தாங்கிக்கும். தாய்க்கோழியே தினமும் தீனிக்காக எழுந்து போகிறதே! அதிகச் சூட்டைத்தான் தாங்காது. கடைசி வாரத்தில் கருவே சூடு விடுவதால் ஆபத்து இன்னும் அதிகம். நம்ம பாட்டிகள் கூடைக்கு அடியில் ஈர மணல் போட்டு அடை வைத்ததன் காரணம் இப்போ புரியும். கூடையில் இரும்புத் துண்டும் காய்ந்த மிளகாயும் போட்டது இடிக்குப் பயந்து. அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.

அடுத்தது கரன்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போனால் மதியத்துக்கு மேல்தான் வரும். 21 நாளில் அப்படி ஒரு நாள் வர நிறைய வாய்ப்பு உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இந்த மாவட்டத்தின் பல இடங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது ஞாபகம் இருக்கும். 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும் மெஷின் வாங்குவது இங்கே ஆடம்பரம் இல்லை.

22-வது நாள்

நண்பனின் 17 குஞ்சுகள் எப்படிப் போச்சு? முதல் ஏழெட்டு, ஒரே ராத்திரியில். அவன் ஷிப்டில் இருக்கும்போது கரன்ட் போயிருக்கிறது. குஞ்சுகளுக்கு முதல் ரெண்டு மூணு வாரம் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. குளிர்ந்தால் மூலையில் ஒண்ணு மேல் ஒண்ணு ஏறும், கீழே இருப்பது நசுங்கிச் சாகும். முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கணும். எல்.இ.டி பல்பு போட்டால் வெளிச்சம் வரும், சூடு வராது. பழைய குண்டு பல்பு தேடி வாங்கணும். தெர்மாமீட்டர் இல்லைன்னாலும் குஞ்சுகளே சொல்லிடும். பல்புக்குக் கீழே முண்டியடித்தால் குளிர், ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு, பரவலாகத் திரிந்தால் சரி.

மீதி வெள்ளைக்கழிச்சலில் போனது. 5 முதல் 7 நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, 28-வது நாள் வாக்கில் மறுபடி, 8 வாரத்தில் இறக்கையில் ஊசி. இவ்வளவுதான் வேலை. பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இலவச முகாம்களும் இருக்கு. சிக்கல் எங்கேன்னா, மருந்துக் குப்பி 100, 200 டோஸாக வரும். கலந்தால் ரெண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கணும். 26 குஞ்சுக்காக யார் அலைவாங்கன்னு அவன் விட்டுவிட்டான். பெரிய பண்ணைக்காரருக்கு இது பிரச்னையே இல்லை, சின்ன ஆளுக்குத்தான்.

அரசுத் திட்டங்களிலும் இதே இடைவெளிதான். 250 கோழிகளோடு பண்ணை வைக்க மாநில அரசின் 50 சதவீத மானியம் இருக்கு, அதற்கு 625 சதுர அடி இடம் வேணும். மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கம் 1,000 தாய்க்கோழிகளில் தொடங்குகிறது. 10-க்கு 10 ரூமில் தங்கியிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்த ரெண்டிலும் இடமில்லை. அவருக்குப் பணத்தைவிட முதலில் தேவை பயிற்சியும் சின்னக் குப்பியும்தான். பயிற்சி பற்றிக் கேட்க மாவட்டத்திலேயே திரூர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. கால்நடைப் பல்கலைக்கழகமும் மாதவரத்தில்தான் இருக்கு.

பறவைக் காய்ச்சலும் தூரத்துச் செய்தி இல்லை. 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்தில் உறுதியானது. எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஆந்திராதான். பக்கத்தில் பழவேற்காடு ஏரி, வலசை வரும் நீர்ப்பறவைகள். நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் கோழிகளை அழிப்பாங்க. உங்க 9 கோழியும் அந்தக் கணக்கில் வரும், இழப்பீடும் உண்டு. கொத்தாகச் செத்தால் குப்பையில் வீசாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்க. குஞ்சுக்கு முத்தம் கொடுக்கும் ரீலும் வேணாம். சால்மோனெல்லா தொற்றுக்காக அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அடிக்கடி எச்சரிப்பது இதைத்தான்.

யாரும் பேசாத இன்னொண்ணு, மண். கோழி கிளறும், கிளறும்போது மண்ணையும் விழுங்கும். மண்ணில் இருப்பது முட்டையில் வரும். 2005-ல் ஐபென் என்ற சர்வதேசக் கூட்டமைப்பு பல நாடுகளில் ஆலைகளுக்கும் எரிப்பு உலைகளுக்கும் பக்கத்தில் மேய்ந்த கோழிகளின் முட்டைகளைச் சோதித்தது. கேரளாவின் ஏலூர் முட்டைகளில் டயாக்சின் இருந்தது. 2022-ல் வெளியான ஆய்வில், சிட்னி நகர வீட்டுக் கோழி முட்டைகளில் கடை முட்டையைவிடச் சராசரியாக 40 மடங்கு ஈயம். இதை வைத்து கும்மிடிப்பூண்டி முட்டையே விஷம்னு சொல்ல வரல. ஆனா இரும்பு உருக்காலைகளுக்கு நடுவில் வளர்த்துவிட்டு 'ஆர்கானிக்' என்று எழுதி விற்கும் முன்னால் யோசிக்கணும். ஆலைச் சுவர் ஓரம், சாம்பல் கொட்டிய இடம், லாரி ரோட்டோரம் மேய விடாமல், உமி பரப்பிய கூண்டில் வைத்துத் தட்டில் தீனி போடுவது நல்லது.

நண்பனிடம் அந்த 9-ல் 5 சேவல். விடியற்காலை நாலு மணிக்குக் கூவ ஆரம்பித்ததும் ஹவுஸ் ஓனர் மாடி ஏறி வந்தார். சேவல்களை விற்றதில் மெஷின் காசுகூட வரவில்லை. அடுத்த பேட்ச் ஆடி கழிந்துதான் வைத்தான். பக்கத்துத் தெருவில் மெஷின் வைத்திருக்கும் ரெண்டு பேரையும் பிடித்து, மூணு பேரும் ஒரே நாளில் முட்டை வைத்தார்கள். குஞ்சு பொரிந்த 6-வது நாள், மூணு வீட்டுக் குஞ்சுக்கும் சேர்த்து ஒரே குப்பி.