இதயத்திற்கு மாத்திரை உண்டு, அச்சத்திற்கு?

கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை எச்.ஐ.வி.யையும் குணமாக்குமா? இந்தக் கேள்வியில் நம்பிக்கையும் உண்டு, ஆபத்தும் உண்டு.

'ஸ்டாட்டின்' எனப்படும் இம்மருந்து வகையின் தொடக்கமே அரிசியில்தான் என்பது நெல் விளையும் நம் தஞ்சை மக்களுக்கு வியப்பளிக்கும். ஜப்பானிய அறிவியலாளர் அகிரா எண்டோ, கியோட்டோ நகரத் தானியக் கடையின் அரிசியில் கிடைத்த பூஞ்சையிலிருந்து 1970களில் இதன் முதல் வடிவத்தைப் பிரித்தெடுத்தார்.

எச்.ஐ.வி. கிருமி நம் உடல் அணுக்களுக்குள் நுழைய, அணுச் சவ்விலுள்ள கொழுப்பு உதவுகிறது. எனவே கொழுப்பைக் குறைத்தால் கிருமியும் ஒடுங்கும் என ஆய்வாளர் சிலர் 2004-இல் எதிர்பார்த்தனர். ஆனால் பின்னர் நடந்த சோதனைகள் அதை உறுதிசெய்யவில்லை. ஸ்டாட்டின் எச்.ஐ.வி.யைக் குணமாக்கும் மருந்தன்று.

ஆயினும் வேறொரு நன்மை தெரியவந்தது. கூட்டு மருந்தால் கிருமி கட்டுப்பட்ட பிறகும் உடலுக்குள் அழற்சி நீடிப்பதால், இவர்களுக்கு மாரடைப்பு அபாயம் மற்றவர்களைவிட அதிகம். இந்தியா உட்பட 12 நாடுகளில், 40 முதல் 75 வயதுடைய 7,769 பேரிடம் நடந்த 'ரிப்ரீவ்' ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. கூட்டு மருந்துடன் தினமும் 'பிட்டாவாஸ்டாட்டின்' உட்கொண்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகள் 35 விழுக்காடு குறைந்திருந்தன.

இதைக் கேட்டு எவரும் கூட்டு மருந்தை நிறுத்திவிடக் கூடாது. மருந்துக் கடையில் தாமாக வாங்கியும் உண்ணக் கூடாது. சில ஸ்டாட்டின்கள் சில எச்.ஐ.வி. மருந்துகளோடு சேர்ந்தால் தசைகளையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். அன்று அது மரணத் தீர்ப்பாகத் தெரிந்தது. 2004-இல் அரசின் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியது. அன்று மருந்தைத் தொடங்கிய இளைஞர்கள் பலர் இன்று நாற்பதையும் ஐம்பதையும் கடந்தவர்கள். இனி அவர்கள் தங்கள் இதயத்தையும் கவனிக்க வேண்டும். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே கூட்டு மருந்து மையம் இருக்கிறது. ஆனால், தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற அச்சம் பலரை அருகிலுள்ள மையத்திற்குச் செல்ல விடுவதில்லை. ஒருவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதையும், அவரைப் பாகுபடுத்துவதையும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. ஆனால் திண்ணைப் பேச்சைச் சட்டத்தால் நிறுத்த முடியுமா?

அன்பார்ந்தவர்களே, அடைப்பிலிருந்து இதயத்தைக் காக்க மாத்திரை வந்துவிட்டது. அதை வாங்கச் செல்பவரின் அச்சத்தைப் போக்கும் பொறுப்பு நம்முடையது. அவர் யார் என்று துருவாமலும், தெரிந்தாலும் பிறரிடம் சொல்லாமலும் இருப்பதிலிருந்து நாம் தொடங்கலாம்.