குடல் பாக்டீரியாவும் ‘ஐ அக்ரீ’ பட்டனும்

எந்த புரோகிராமை இன்ஸ்டால் செய்தாலும் திரையில் ஒரு நீண்ட ஒப்பந்தம் வரும். நம்மில் பெரும்பாலோர் அதைப் படிக்காமலேயே ‘ஐ அக்ரீ’ பட்டனைக் கிளிக் செய்துவிடுகிறோம். தருவது நம் உடலைப் பற்றிய தகவல் என்றால் இந்தப் பழக்கம் ஆபத்தானது என்பது என் கருத்து. அமெரிக்காவின் யுபயோம் நிறுவனத்தின் கதையே இதற்குப் பாடம்.

ஒரு மனிதனின் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இவற்றில் பெரும்பகுதி பெருங்குடலில் வாழ்கின்றன. செரிமானத்திற்கு உதவுகின்றன, சில வைட்டமின்களையும் தயாரிக்கின்றன. இவற்றை அறிந்துகொண்டால் உடல்நலத்தைக் காக்கலாம் என்ற எண்ணத்துடன், விஞ்ஞானி சாக் ஆப்டே, ஜெசிகா ரிச்மன் உள்ளிட்டோர் 2012-ல் சான்பிரான்சிஸ்கோவில் யுபயோமைத் தொடங்கினர். இன்டர்நெட் மூலம் பொதுமக்களிடமே 3 லட்சம் டாலருக்கு மேல் நிதி திரட்டினர்.

செய்முறை எளிது. பஞ்சுக் குச்சியில் சிறிதளவு மலத்தைத் தொட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். ஆய்வகத்தில் பாக்டீரியாக்களின் டி.என்.ஏ. படிக்கப்படும். கம்ப்யூட்டர் அதை டேட்டாபேஸுடன் ஒப்பிட்டு, எந்த வகை எவ்வளவு என்று பட்டியலிடும். முடிவை வெப்சைட்டில் பார்க்கலாம்.

2019 ஏப்ரலில், இன்சூரன்ஸ் பில்கள் தொடர்பாக எஃப்.பி.ஐ. அங்கு சோதனை நடத்தியது. அதே ஆண்டு நிறுவனம் திவாலானது. அதன் சொத்துக்களை சோமாஜென் என்ற நிறுவனம் வாங்கியது. வாடிக்கையாளர்கள் நம்பிக் கொடுத்த பாக்டீரியா டேட்டாவும் அந்தச் சொத்துக்களில் ஒன்று! 2021-ல் ஆப்டே, ரிச்மன் இருவர் மீதும் மோசடிக் குற்றச்சாட்டு பதிவானது.

‘பெயரை நீக்கிவிட்டால் போதாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். போதாது. 2015-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், குடல் பாக்டீரியாக்களை வைத்தே, ஓராண்டு வரை கழித்தும் 80 சதவீதத்திற்கு மேற்பட்டோரை அடையாளம் காண முடிந்தது. பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். குடலை மாற்ற முடியுமா?

இந்த ஆராய்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல மருந்துகள் இதிலிருந்து வரட்டும். ஆனால், பட்டனைத் தட்டும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். டேட்டாவை யாருக்குத் தருவார்கள்? கேட்டால் அழிப்பார்களா? நிறுவனம் மூடப்பட்டால் அது யாருக்குப் போகும்? மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால் ‘கேன்சல்’ பட்டனைக் கிளிக் செய்யுங்கள். அதுவும் அருகிலேயேதான் இருக்கிறது.