மேகம் மறைக்காத வானம்

தமிழ்ப்பள்ளிக்கு வானியல் என்றால் ஆயர் குரோ கோளரங்கத்துக்கு ஒரு பேருந்துப் பயணம், அவ்வளவுதான். தொலைநோக்கி வாங்கி வைத்தாலும் மலாக்கா மேகம் விடுவதில்லை. ஜாசின் வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் அறிவியல் போதித்து ஓய்வுபெற்ற நான் சொல்கிறேன்: பிள்ளைகளுக்கு எக்ஸ்-கதிர் வானத்தைக் கொடுங்கள். அந்தக் கதிரைக் காற்றுமண்டலம் விழுங்கிவிடும். தரையிலிருந்து எந்த நாட்டுக்காரனும் பார்க்க முடியாது. செயற்கைக்கோள் அனுப்பும் தரவுதான் எல்லாருக்கும் கதி, புக்கிட் ஆசகான் பிள்ளைக்கும் அதேதான்.

ஈ.எக்ஸ். ஹைட்ரே என்ற இரட்டை நட்சத்திரத்தில் தொடங்கலாம். எரிந்து முடிந்த நட்சத்திரமான ஒரு வெண்குள்ளனும் ஒரு சிறு சிவப்பு நட்சத்திரமும் 98 நிமிடத்தில் ஒன்றையொன்று சுற்றுகின்றன. சிவப்பிலிருந்து ஒழுகும் வாயு வெண்குள்ளனின் காந்தத் துருவங்களில் விழுந்து, பத்துக் கோடி டிகிரியைத் தாண்டிச் சூடேறி எக்ஸ்-கதிர் வீசுகிறது. வெண்குள்ளன் 67 நிமிடத்துக்கு ஒருமுறை சுழல்வதால் அந்த ஒளி கூடிக் குறையும். பால்மரத்து மங்கில் சொட்டுவதுபோல மெதுவான ஒழுக்குதான். ஆனால் அந்த மெதுவே நொடிக்கு நூறு கோடி டன் கணக்கு! அப்படியும் ஒரு சூரியன் எடை சேரப் பிரபஞ்சத்தின் வயது போதாது.

2015இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறிய எக்ஸ்-கதிர்ச் செயற்கைக்கோள் ஆஸ்ட்ரோசாட்டின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 6 பாகைதான் சாய்வு. சென்னைக்கு நேர் மேலே அது போகவே போகாது. 2 பாகையில் இருக்கும் நம் தலைக்கு மேலே போகும். (எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்.) அது பூமியைச் சுற்றுவதும் ஏறத்தாழ 98 நிமிடம். சிக்கல் அங்கேதான். ஒவ்வொரு சுற்றிலும் பூமி நட்சத்திரத்தை மறைத்தால், அந்த இரட்டையின் ஓட்டத்தில் ஏறக்குறைய அதே பகுதியே திரும்பத் திரும்ப விட்டுப்போகும். சென்னை பிரெசிடென்சி கல்லூரியில் படித்து, வெண்குள்ளனின் எடைக்கு வரம்பு கண்ட சந்திரசேகரின் பெயரில் 1999இல் ஏவப்பட்ட சந்திரா செயற்கைக்கோள், சுமார் 64 மணி நேர நீள்வட்டப் பாதையில் போகிறது. அதனால் 2007இல் இதே நட்சத்திரத்தை மொத்தம் ஐந்தரை நாளுக்கும் மேல் பார்க்க முடிந்தது.

நம் பிள்ளைகள் புத்தாக்கப் போட்டிகளில் பதக்கம் வாங்குகிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் கருவி செய்பவனுக்கு மட்டும்தான் மேடை, தரவைப் படிப்பவனுக்கு இல்லை. இந்தத் தரவுகள் இணையத்தில் இலவசம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் அடுத்த கூடாரத்துக்கும் பதாகைக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு கணினியும் ஒரு ஆசிரியருக்குப் பயிற்சியும் கொடுக்கட்டும்.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு இது புரியுமா என்று கேட்பார்கள். தரவை அட்டவணையாக்கும் வேலை ஆசிரியருடையது. பிள்ளை வரைதாளில் நேரத்துக்கு நேர் ஒளியளவைப் புள்ளி வைத்து, மேடுகளுக்கு இடையே உள்ள நிமிடங்களின் சராசரி எடுக்கட்டும். 67ஐ ஒட்டி வரும். அதற்குக் கூட்டலும் வகுத்தலும் போதும்.