வீட்டுப் புதுப்பிப்பு வேலையில் உயிருக்குப் பொறுப்பு யார்?

வீட்டை இடித்துப் புதுப்பிக்கும்போது விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டால், நம் ஊரில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “மேஸ்திரிகிட்ட மொத்தமா பேசி விட்டுட்டோம்.” சென்னையின் பழைய பகுதி ஒன்றில் தனி வீடுகளையும் அடுக்குமாடிகளையும் சேர்த்து இயங்கும் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் இந்தப் பதிலை ஏற்கவில்லை. எதை இடிப்பது, எப்போது முடிப்பது, எவ்வளவு செலவழிப்பது என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் வீட்டுக்காரர். வேலை செய்பவரின் உயிருக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குபவரின் உயிருக்கும் முதல் பொறுப்பு அவருடையதே. இதுதான் எங்கள் நிலைப்பாடு.

இதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தவில்லை. ஒருவர் தாம் குடியிருக்க 10 லட்சம் ரூபாய்க்குள் செய்துகொள்ளும் வேலையும் அதற்கு வெளியேதான் இருந்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு இந்த வரம்பை 50 லட்சமாக உயர்த்திவிட்டது. குளியலறை மாற்றுவது, சமையலறையைப் பெரிதாக்குவது, மாடியில் ஓர் அறை எடுப்பது ஆகியவை பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். கொத்தனார் ஒருவர், சித்தாள் இருவர், பிளம்பர் ஒருவர் என்று வந்து போகும் இடத்துக்கு எந்த ஆய்வாளரும் வரமாட்டார்.

எங்களுக்கு அதிகக் கவலை தருவது சுவர் இடிப்பு. இப்பகுதியின் பழைய வீடுகள் பலவற்றில் தூண்களே கிடையாது. தேக்குக் கட்டைகளின்மேல் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்த மெட்ராஸ் டெரஸ் கூரையானாலும், பிறகு வந்த கான்கிரீட் தளமானாலும், எடை முழுவதும் ஒன்பது இஞ்ச் சுவர் வழியாகவே தரைக்கு இறங்குகிறது. கூடத்தையும் சாப்பாட்டு அறையையும் ஒன்றாக்க ஆசைப்பட்டு நடுச்சுவரை எடுத்தால், அந்த எடை போக வழி இருக்காது. ‘நாலரை இஞ்ச் சுவரை இடிக்கலாம், ஒன்பது இஞ்சைத் தொடக் கூடாது’ என்று மேஸ்திரிகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஓரளவுக்குச் சரியான கணக்குதான், ஆனால் நாலரை இஞ்ச் சுவரின் நேர்மேலே மாடிச் சுவர் நின்றால் அது பொய்த்துவிடும். ஆகவே எந்தச் சுவரை எடுப்பதானாலும், அமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய போட்டோவைப் பார்த்துச் சொன்ன கருத்து கடிதமாகாது.

சன்ஷேடு விஷயம் இன்னும் மோசம். அது வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதற்கே அதன் உள்முனைமேல் உட்கார்ந்திருக்கும் சுவரின் எடைதான் காரணம். ஜன்னலை உயர்த்துவதற்காக மேல்சுவரை முதலில் உடைத்தால், சன்ஷேடு கீழே நிற்பவரின் தலையில்தான் கவிழும். முட்டுக் கொடுத்துவிட்டு, முதலில் சன்ஷேடை வெட்டி எடுக்க வேண்டும். சுவரின் முறை அதற்குப் பிறகுதான். அவசரத்தில் மாறிப்போவது இந்த வரிசைதான்.

இடித்த கட்டடக் குப்பையை அறையிலேயே குவித்து வைப்பதும் ஆபத்து. வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமைக்காகக் கணக்கிடப்படுகின்றன. ஒரு மீட்டர் உயரத்துக்குக் குவிந்த உடைசல் அதே பரப்பில் ஒரு டன்னைத் தாண்டும். லாரி வரும்வரை மாடியில் கிடக்கட்டும் என்று சொல்லும் வீட்டுக்காரருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

செப்டிக் டேங்க், சம்ப் இரண்டிலும் எங்களிடம் விட்டுக்கொடுப்பு இல்லை. மனிதரைச் செப்டிக் டேங்கில் பாதுகாப்பின்றி இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கழிவகற்றும் வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. இதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். புதிதாகக் கட்டி மூடிய, ஒரு சொட்டுக் கழிவுகூட விழாத தொட்டியும் கொல்லும் என்பதை அறிந்தவர்கள் குறைவு. பல நாள் மூடிக் கிடக்கும் தொட்டிக்குள் ஈரமான சென்ட்ரிங் பலகைகள் மக்கி, இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். பலகை பிரிக்க இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுகிறார். மூடியைத் திறந்து காற்றோட்டம் தந்து, கருவியால் காற்றைச் சோதித்த பிறகே ஆள் இறங்கலாம். அப்போதும் இடுப்பில் கயிறும், மேலே அதைப் பிடிக்க ஆளும் வேண்டும். சோதிக்கக் கருவி இல்லை என்றால் இறங்கக் கூடாது, அவ்வளவுதான்.

தூசியால் வரும் கேடு உடனே கண்ணில் படாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சுத்தியலால் உடைப்பதோ கிரைண்டரால் அறுப்பதோ கூடாது. தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்று எண்ணியே சுரண்ட வேண்டும். நனைக்காமல் தேய்த்தால் அந்தத் தூசி தரையில் தவழும் குழந்தையின் வாய்க்குத்தான் போகும். டைல்ஸ் அறுப்பதும் தண்ணீர் ஊற்றித்தான். இடிப்பும் சுரண்டலும் முடியும்வரை குழந்தைகள், கர்ப்பிணிகள், மூச்சுத் தொல்லை உள்ள பெரியவர்கள் அந்த வீட்டில் தங்கக் கூடாது என்றே சொல்கிறோம். வாடகைச் செலவு கூடும் என்பது உண்மைதான். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. வெறும் ஒயரைப் பிளக் பாயிண்டில் செருகித் தீக்குச்சியால் இறுக்கும் பழக்கம் நிற்க வேண்டும். வேலைக்கான இணைப்பு, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி வழியாக வரட்டும். மாடியை ஒட்டி மின்கம்பி போனால், கம்பி கட்டுபவர் நீளக் கம்பியைத் தூக்குவதற்கு முன்பே மின்வாரியத்திடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.

“இத்தனை வருஷமா இப்படித்தான் செய்யறோம், ஒண்ணும் ஆகலை” என்று ஹெல்மெட்டை ஓரம் வைப்பவர்கள் உண்டு. அவர்கள்மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேரம் பேசிக் குறைக்கும்போது முதலில் காணாமல் போவது சாரத்துக்கும் பெல்ட்டுக்குமான பணம். எனவே கொட்டேஷனில் பாதுகாப்புச் செலவைத் தனி வரியாக எழுத வேண்டும், அதில் பேரம் பேசக் கூடாது என்று உறுப்பினர்களைக் கேட்கிறோம். வேலைக்கு வருபவர்கள் 1994இல் தொடங்கப்பட்ட கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பதியாதவருக்குப் பதிவு செய்துதரச் சங்க அலுவலகம் உதவும்.

அரசிடம் எங்கள் கோரிக்கை: சுவர், தூண், தளம் ஆகியவற்றைத் தொடும் எந்த வேலையையும், செலவு எவ்வளவானாலும், தொடங்கும் முன் உள்ளாட்சி அமைப்பிடம் பொறியாளர் கடிதத்துடன் தெரிவிப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். அது வரும்வரை எங்கள் எல்லைக்குள் நாங்களே ஒரு விதி வைத்துக்கொள்கிறோம். அடுக்குமாடிகளில் பொறியாளர் கடிதம் இல்லாத இடிப்பு வேலைக்கு லிஃப்ட்டும் பொருள் இறக்கும் இடமும் தரப்படாது. நிர்வாகக் குழுவினரின் வீடுகளுக்கும் இதில் விலக்கு இல்லை.