சேற்றில் இறங்கும் டிராக்டருக்கு எத்தனை குதிரை வேண்டும்?

திருத்துறைப்பூண்டி, காவிரியின் கடைமடைப் பகுதி. மேட்டூர் அணையை ஜூன் 12-ந் தேதி திறப்பது வழக்கம். அப்படித் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரப் பல நாட்கள் ஆகும். பிறகு ஐப்பசி மழை வந்துவிடும். இடையில் கிடைக்கும் கொஞ்ச நாளில் உழவை முடித்தாக வேண்டும்.

ஏர் மாடுகள் அருகிவிட்டன. ஆகவே டிராக்டர்தான் கதி!

வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை குதிரை சக்தி?" என்பதே. இந்தக் கேள்வியை இரண்டாவதாகக் கேட்பதே நல்லது. "என் மண்ணுக்கு எந்த கியர்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஒரே நிலம், இரண்டு குணம்!

கடைமடை நிலம் பெரும்பாலும் களிமண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மண்கட்டி கல்லாக நிற்கும். நேரடி விதைப்பு செய்பவர் அந்த மண்ணைத்தான் உழுது புழுதியாக்க வேண்டும்.

அதே மண்ணில் தண்ணீர் நின்றால் குழைந்து சேறாகிவிடும். நடவு செய்பவர் அந்தச் சேற்றில் இறங்க வேண்டும்.

காய்ந்த மண்ணுக்குப் பலம் வேண்டும். சேற்று மண்ணுக்குக் கனம் குறைவாக இருக்க வேண்டும். இரண்டையும் சமாளிக்கிற வண்டியே நல்ல வண்டி.

கனம் கூடினால் ஆபத்து

75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்குகிற சக்திதான் ஒரு குதிரை சக்தி. குதிரை சக்தி கூடினால் என்ஜின் பெரிதாகும். வண்டியின் எடையும் கூடும். 45, 50 குதிரை சக்தி டிராக்டர் ஏறக்குறைய இரண்டு டன் இருக்கும்.

நெல் வயலில் ஆண்டாண்டாகச் சேறு கலக்கியதால், ஏறக்குறைய ஒரு சாண் ஆழத்தில் இறுகிய மண் தட்டு ஒன்று உண்டாகியிருக்கும். வயலில் தண்ணீரைத் தாங்கி நிறுத்துவது அதுதான். டிராக்டரின் சக்கரத்தைத் தாங்குவதும் அதுதான். கனத்த வண்டி அதை உடைத்துவிட்டால் தண்ணீர் கீழே இறங்கும், வண்டியும் புதையும்!

கனத்தால்தான் பலம் வரும் என்பதில்லை. இதை உலகுக்குக் காட்டியவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன். கலப்பையை மூன்று இடத்தில் வண்டியோடு இணைத்தார். கலப்பை மண்ணை இழுக்கும்போதே பின்சக்கரம் நிலத்தில் அழுந்தியது. 1946 முதல் 1956 வரை அவருடைய சிறிய டிராக்டர் 5 லட்சத்துக்கு மேல் தயாராயிற்று. சென்னையில் 1960-ல் தொடங்கிய டாபே நிறுவனம் மாசே பெர்குசன் டிராக்டர்களைச் செய்தது. இன்று எல்லாக் கம்பெனி டிராக்டரிலும் இருப்பது அந்த மூன்று இணைப்பு முறையே.

கியரில்தான் சூட்சுமம்

கடப்பாரையால் நெம்பினால் ஒரு ஆளே பெரிய கல்லை அசைத்துவிடலாம். கை நெடுந்தூரம் நகரும். கல் கொஞ்சம்தான் நகரும். கியரும் அப்படியே. வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டுகிறது.

மெதுவாகப் போகும் கியர்கள் அதிகமாக இருந்தால், 40 குதிரை சக்தி வண்டியும் சேற்றில் திணறாமல் போகும். காய்ந்த மண்ணில் ஒரே மூச்சில் ஆழ உழ வேண்டாம். முதல் உழவை மேலாகவும், இரண்டாம் உழவை ஆழமாகவும் செய்தால் சிறிய என்ஜினே போதும்.

இரட்டை கிளச் இருப்பது நல்லது. வண்டி நின்றாலும் ரோட்டவேட்டர் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு சக்கரம் வழுக்கினால் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் 'லாக்' வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கியர் பெட்டிக்குச் சேறுதான் எமன். கியர் எண்ணெய் பால் போல் வெளுத்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். உடனே கவனிக்காவிட்டால் பல் சக்கரங்கள் பாழாகும்.

நான்கு சக்கர இழுவை தேவையா?

நான்கு சக்கரமும் இழுத்தால் வழுக்கல் குறையும். ஆனால் விலை கூடுதல். முன் அச்சிலும் பல் சக்கரங்கள் இருப்பதால் பழுது பார்க்கும் செலவும் கூடுதல்.

இரு சக்கர இழுவை வண்டிக்கு கேஜ் வீல் மாட்டினால் பெரும்பாலான வயல்களில் வேலை நடக்கும். அதை மாட்டிக்கொண்டு தார் ரோட்டில் மட்டும் ஏறக்கூடாது, ரோடு கிழிந்துவிடும். கேஜ் வீல் போட்டும் புதைகிற ஆழச் சேறாக இருந்தால், நான்கு சக்கர இழுவையுள்ள சிறிய வண்டியே ஏற்றது.

புதிய விதி

50 குதிரை சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் கடுமையான புகை விதி வந்துவிட்டது. அதனால் அந்த என்ஜின்களில் டீசல் செலுத்துவதை மின்னணுக் கருவிகள் கவனிக்கின்றன. புகை குறைவது நல்லதே. ஆனால் பழுதானால் பக்கத்து மெக்கானிக் ஸ்பேனரோடு வந்து சரி செய்ய முடியாது. சம்பா உழவு நேரத்தில் நான்கு நாள் வண்டி நின்றால் என்ன ஆகும்?

நூறு ஏக்கருக்கு வாடகை ஓட்டுபவர், நெல் மூட்டை ஏற்றி டிரெய்லர் இழுப்பவர் பெரிய வண்டி வாங்கலாம். வேலை இருக்கிறது, வருமானம் வரும். ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது எதற்கு?

வாங்குமுன் கணக்கு

ஆண்டில் எத்தனை நாள் வண்டி ஓடும்? மாதத் தவணை எவ்வளவு? இதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். நகையை அடகு வைத்து வாங்கிய வண்டி கொட்டகையில் நின்றாலும் வட்டி நிற்காது!

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரி குறைந்ததே என்று பெரிய வண்டிக்குத் தாவக்கூடாது. மிச்சமான பணத்தைக் கடனில் கழிப்பதே புத்திசாலித்தனம்.

மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் சோதனை நிலையம் இருக்கிறது. டிராக்டர்களை ஓட்டிப் பார்த்து, இழுவை எவ்வளவு, டீசல் செலவு எவ்வளவு என்று அறிக்கை தருகிறது. அந்த அறிக்கையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பிறகு அதே மாதிரி வண்டியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, சொந்த வயலில் இறக்கிப் பார்க்க வேண்டும்.

வயல் கொஞ்சமாக இருந்தால் நாலைந்து குடும்பம் சேர்ந்து வாங்கலாம், வாடகைக்கே உழலாம். அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள். சேற்றில் போடும் பணத்தை அளக்காமல் போடலாமா?