பட்டா யார் பேரில்?

களிமண் பிசைகிற நமக்கு வயல்மண்ணைப் பத்தி என்ன பேச்சு என்று கேட்காதீர்கள். நம்மில் பாதிப்பேர் வீட்டுச் சோறு அதிலிருந்துதான் வருகிறது.

நூறு வயசு தாண்டியும் தேக்கம்பட்டியில் இரண்டரை ஏக்கரில் இயற்கை விவசாயம் செய்த பாப்பம்மாளுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2024-இல் மறைந்தார். கடை நடத்திய காசில் அவரே நிலம் வாங்கினார்; விருதைவிட எனக்கு அதுதான் பெரிசு.

ஏன் என்றால், எங்கம்மா ஒரு ஏக்கருக்கு ஜீவாமிர்தம் போடுகிறார். 200 லிட்டர் தண்ணி, 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், வெல்லம், பயறு மாவு, ஒரு பிடி மண். கலக்கிக் கலக்கித் தோள் கழன்றுவிடும். கடன் கேட்கப் போனால், "பட்டா யார் பேர்ல?" என்கிறார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுக்கப் பெண்கள் நடத்திய பண்ணைகள் 100-க்கு 14கூட இல்லை.

கெட்ட மண் தேற வருஷக்கணக்காகும். நாளைக்கே நிலம் கைமாறலாம் என்றால் யார் காத்திருப்பார்?

தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது. ஆனாலும் அக்கா தங்கச்சியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். உங்க வீட்டுக்கு அது வந்தால், படிச்ச பிள்ளை என்று உங்களைத்தான் வாசிக்கச் சொல்வார்கள். வாசியுங்கள், அக்கா காதில் விழுகிற மாதிரி.