ஜெனரல் நீல் கொடுத்த விளக்குமாறு

எங்கம்மா நகராட்சியில் தெருக் கூட்டினவங்க. எட்டாம் வகுப்பில் 1857 பாடம் நடத்தும்போது வாத்தியார் குரல் உடைந்து சொன்னார்: "தூக்குல போடுறதுக்கு முன்னாடி ஒரு பிராமண சுபேதார் கையில விளக்குமாத்தக் கொடுத்துக் கூட்ட வச்சான்பா, அந்தப் பாவி நீல். சாவை விடக் கொடுமை." வகுப்பே உச்சுக் கொட்டியது. நான் எங்கம்மாவின் கையை நினைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

யார் இந்த நீல்? ஸ்காட்லாந்துக்காரன். 1827இல் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னை ஐரோப்பியப் பட்டாளத்தில் வளர்ந்தவன். 1857இல் அந்தப் பட்டாளத்தோடு வடக்கே போனான். அலகாபாத்தில் கண்டவரையெல்லாம் தூக்கிலிட்டது அவன் படை. சுற்றுக் கிராமங்களைக் கொளுத்தியது. கான்பூரில் பீபிகர் என்ற வீட்டில் வெள்ளைக்காரப் பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 200 பேர் ஜூலை 15 அன்று கொல்லப்பட்டிருந்தார்கள். அதற்குப் பழிவாங்க நீல் போட்ட உத்தரவு இது: தூக்குத் தண்டனை பெற்றவன் அங்கே உறைந்த ரத்தத்தில் ஒரு பகுதியைச் சுத்தம் செய்யணும். அந்த வேலை அவன் மனசுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு அருவருப்பாக இருக்கணும். மறுத்தால் சாட்டையடி. செப்டம்பர் 25 அன்று லக்னோவில் குண்டடிபட்டுச் செத்தான்.

நீலுக்கு நான் வக்கீல் இல்லை. அவன் கொலைகாரன். ஆனால் ஒரு கேள்வி. ஒரு விளக்குமாறு எப்படித் தண்டனை ஆனது? துப்பாக்கியைக் கப்பலில் கொண்டுவந்தவனுக்குத் தீட்டு இங்கேயே தயாராகக் கிடைத்தது. மனுநீதியைப் பண்டிதர்களை விடச் சரியாகப் படித்திருக்கிறான் அந்தத் தளபதி. சுபேதாரின் கையில் விளக்குமாற்றைக் கொடுத்தவர் ஒரு துப்புரவுத் தொழிலாளி. சுபேதாருக்காக அழுத வரலாறு அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

சென்னை மவுண்ட் ரோட்டில் நீலுக்குச் சிலை இருந்தது. அதை அகற்றக் கோரி 1927இல் சத்தியாகிரகம் நடந்தது. கடலூர் அஞ்சலையம்மாள் தன் மகளோடு சிறை போனார். 1937இல் ராஜாஜி ஆட்சியில் சிலை எடுக்கப்பட்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. நல்ல காரியம். சிலை போயிற்று, உத்தரவு போயிற்றா? மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். அதற்குப் பிறகும் பாதாளச் சாக்கடையில் இறங்கி மூச்சுமுட்டிச் சாகிறார்கள் எங்கள் ஆட்கள். அன்றைக்கு மறுத்தால் சாட்டை. இன்றைக்கு மறுத்தால் கூலி இல்லை. இதற்கு எந்த வகுப்பறை உச்சுக் கொட்டுகிறது, தோழர்களே?

போன மாதம் எங்கம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். வெற்றிலையை மென்றபடி கேட்டுவிட்டுச் சொன்னாங்க:

"சாகப்போறவனுக்கு அது ஒருநாள் வேல. நான் முப்பது வருசம் கூட்டுனேன். எந்தக் கோர்ட்டுடா எனக்குத் தீர்ப்பு சொல்லுச்சு?"